கிடக்கிறதா, கிடத்தியதா? ‘லை’, ‘லே’ இரண்டையும் பிழையில்லாமல் எழுத

அரசுக் கட்டடங்களின் வாசலில் பதித்திருக்கும் அடிக்கல் பலகையை நின்று படித்தால், ஆங்கிலப் பகுதி ‘திஸ் ஃபவுண்டேஷன் ஸ்டோன் வாஸ் லெய்டு பை’ என்று தொடங்கும். பிறகு ஒரு பெயர் வரும். ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனால், ‘ஹியர் லைஸ் தி பாடி ஆஃப்’ என்று தொடங்கி வேறொரு பெயர் வரும். முதல் கல்லை ஒருவர் எடுத்து வைத்தார். இரண்டாம் கல்லின் அடியில் ஒருவர் கிடக்கிறார். ‘லே’, ‘லை’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு இதுதான்.

எல்-ஐ-ஈ என்று எழுதினால் ‘லை’. எல்-ஏ-ஒய் என்று எழுதினால் ‘லே’. ஆளுக்கு மூன்று எழுத்து, பார்வைக்கும் ஒலிக்கும் அக்கா தங்கை மாதிரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் இவற்றை அன்றாடம் மாற்றிப் போடுகிறார்கள். அதனால் கற்றுக்கொள்பவர் பேச்சில் தவறினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தில் அப்படி இல்லை. விடுப்புக் கடிதம், மருத்துவமனைக் குறிப்பு, கட்டுமானத் தள அறிக்கை, வழக்கு மனு ஆகியவற்றில் இந்தச் சொல் மாறினால் பொருளே மாறிவிடும்.

தமிழில் இது ஏற்கெனவே இருக்கிறது

ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அட்டவணையாகக் கொடுக்கின்றன. தமிழ் பேசுகிறவருக்கு அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. ‘குழந்தை தொட்டிலில் கிடக்கிறது’ என்பதையும் ‘குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள்’ என்பதையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ‘குழந்தையைக் கிடந்தாள்’ என்று மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது. கிட என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. கிடத்து என்பது செயப்படுபொருள் குன்றா வினை. ‘லை’ என்றால் கிட, படு. ‘லே’ என்றால் கிடத்து, படுக்க வை, பதி, பரப்பு. எழு–எழுப்பு, திரும்பு–திருப்பு, உருள்–உருட்டு, வீழ்–வீழ்த்து என்று நம்மிடம் நூற்றுக்கணக்கில் இருக்கும் இணைகளில் ஒன்றுதான் இதுவும்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட இணைகள் நிறைய இருந்தன. பழைய ஆங்கிலத்தில் கிடப்பதற்கு ‘லிஜ்ஜன்’, கிடத்துவதற்கு ‘லெஜ்ஜன்’. முதல் உயிரை மாற்றிச் செய்விக்கும் வினையை உண்டாக்குவது அந்த மொழிக் குடும்பத்தின் வழக்கம். ஜெர்மன் மொழியில் ‘லீகன்’, ‘லேகன்’ என்று இன்றும் அந்த இணை அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த வழக்கம் செத்துப்போய்ச் சில இணைகள் மட்டும் மிஞ்சின: உட்கார ‘சிட்’, உட்காரவைக்க ‘செட்’, விழ ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்த ‘ஃபெல்’. உயிருள்ள விதியாக இல்லாமல் எச்சமாக இருப்பதால்தான் ஆங்கிலேயரே தடுமாறுகிறார்கள். நமக்கு அந்த விதி இன்னும் வாயிலேயே இருக்கிறது. ஆகவே முதலில் தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுவது இந்த ஓர் இடத்தில் நல்ல உத்தி.

சிக்கல் எங்கே?

பொருளில் சிக்கல் இல்லை, காலத்தில்தான் இருக்கிறது. ‘லை’ என்ற சொல்லின் இறந்தகால வடிவம் ‘லே’. அதாவது ‘கிடந்தது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ‘கிடத்து’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் எழுத்து மாறாமல் ஒன்றே. குழப்பம் அத்தனைக்கும் வேர் இந்த ஒரு முடிச்சு. வடிவங்களைக் கோர்வையாக ஒருமுறை பார்த்துவிடலாம்.

கிட: இன்று ‘லை’, நேற்று ‘லே’, ‘ஹேவ்’ அல்லது ‘ஹேட்’ வந்தால் ‘லெய்ன்’ (எல்-ஏ-ஐ-என்), ‘இங்’ சேர்ந்தால் ‘லையிங்’ (எல்-ஒய்-ஐ-என்-ஜி).

கிடத்து: இன்று ‘லே’, நேற்று ‘லெய்டு’ (எல்-ஏ-ஐ-டி), ‘ஹேவ்’ வந்தாலும் ‘லெய்டு’, ‘இங்’ சேர்ந்தால் ‘லேயிங்’ (எல்-ஏ-ஒய்-ஐ-என்-ஜி).

பொய் சொல்: இன்று ‘லை’, நேற்று ‘லைடு’ (எல்-ஐ-ஈ-டி), ‘ஹேவ்’ வந்தாலும் ‘லைடு’, ‘இங்’ சேர்ந்தால் ‘லையிங்’.

மூன்றாவது முற்றிலும் வேறு வேரிலிருந்து வந்த சொல். எழுத்து ஒன்றாகிப்போனது தற்செயல். ஆனாலும் தமிழ் பேசுகிறவர்களின் எழுத்தில் மிக மோசமான தவறு இங்கேதான் வருகிறது. ‘லை’யின் இறந்தகாலம் வழக்கம்போல டி சேர்த்து ‘லைடு’தான் என்று எண்ணி, ‘ஐ ஹேட் ஃபீவர் அண்ட் லைடு ஆன் தி பெட்’ என்று விடுப்புக் கடிதத்தில் எழுதிவிடுகிறோம். காய்ச்சல் வந்தது, கட்டிலில் இருந்தபடி பொய் சொன்னேன் என்று அதற்குப் பொருள். படிக்கும் மேலாளர் புரிந்துகொள்வார்தான். ஆனால் விடுப்புக் கடிதத்தில் இருக்கவே கூடாத சொல் அது. எழுத வேண்டியது ‘லே ஆன் தி பெட்’. அதைவிடப் பாதுகாப்பானது ‘வாஸ் இன் பெட்’.

எழுதும்போது செய்ய வேண்டியவை

முதல் படி: பொய் பற்றிய பேச்சா என்று பாருங்கள். ஆம் என்றால் லை, லைடு, லைடு. அத்தோடு வேலை முடிந்தது.

இரண்டாம் படி: வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். ‘கம்பளத்தை விரித்தார்கள்.’ எதை? கம்பளத்தை. பதில் வந்தது, ‘லே’ குடும்பம். ‘நாய் வாசலில் படுத்திருக்கிறது.’ எதை? பதில் இல்லை, ‘லை’ குடும்பம். தமிழில் ஐ உருபு ஏறிய பெயர் வாக்கியத்தில் இருந்தாலோ, ஏற்றிப் பார்க்க முடிந்தாலோ ‘லே’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘முட்டை இடும்’ என்பதில் உருபு மறைந்திருக்கிறது. முட்டையை இடும் என்று விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: செயப்பாட்டு வினையா என்று பாருங்கள். அடிக்கல் பலகையில் வரும் ‘வாஸ் லெய்டு’ அப்படிப்பட்டது. கல்தான் எழுவாய் போல முன்னால் நிற்கிறது. ஆனாலும் ‘நாட்டப்பட்டது’ என்று தமிழில் வருகிறது. படு என்ற துணைவினை தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் எப்போதும் ‘லெய்டு’தான். ‘வாஸ் லெய்ன்’ என்று ஒரு வடிவமே கிடையாது. கிட என்பதற்குச் செயப்பாட்டு வினை இல்லை அல்லவா? ஆங்கிலத்திலும் அதே காரணம்.

நான்காம் படி: காலத்தைப் பொருத்துங்கள். இந்த இடத்தில் எஸ் எழுத்து நல்ல துணை. ‘ஷீ லேஸ்’ என்று எஸ் சேர்ந்திருந்தால் அது நிகழ்காலம், பொருள் கட்டாயம் ‘கிடத்துகிறாள்’. ‘ஷீ லே’ என்று எஸ் இல்லாமல் நின்றால் அது இறந்தகாலம், பொருள் கட்டாயம் ‘படுத்தாள்’. அவன், அவள், அது என்ற ஒருமை எழுவாய் இருக்கும் வாக்கியங்களில் இந்தச் சோதனை தப்பாது. நான், நீ, அவர்கள் என்றால் எஸ் உதவாது. ‘நேற்று’ போன்ற காலச்சொல்லையும், பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: எழுத்துக்கூட்டல். எல்-ஏ-ஒய்-ஈ-டி என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. ‘பே’ என்பது ‘பெய்டு’ ஆவது போல ‘லே’ என்பது ‘லெய்டு’. ‘லை’யோடு ‘இங்’ சேர்த்தால் ஐ-ஈ இரண்டும் உதிர்ந்து ஒய் வரும். சாவைக் குறிக்கும் ‘டை’ என்ற சொல் ‘டையிங்’ ஆவதும் இப்படித்தான்.

‘லெய்ன்’ என்ற வடிவம் இன்றைய ஆங்கிலத்தில் அரிது. சரியாக எழுதினாலும் கொஞ்சம் பழைய வாடை வரும். ‘கோப்பு ஆறு மாதமாக அலமாரியில் கிடக்கிறது’ என்பதற்கு ‘தி ஃபைல் ஹேஸ் லெய்ன்’ என்று எழுதலாம். ‘ஹேஸ் பீன் லையிங்’ என்பது இயல்பாகவும் இருக்கும், தவறவும் வாய்ப்பில்லை. ஆனால் படிக்கும்போது ‘லெய்ன்’ எதிர்ப்பட்டால் அடையாளம் தெரிய வேண்டும்.

ஒரு சொல் மாறினால் என்ன ஆகும்?

மருத்துவமனையில் செவிலியர் எழுதும் குறிப்பை எடுத்துக்கொள்வோம். ‘பேஷன்ட் வாஸ் ஃபவுண்ட் லையிங் ஆன் தி ஃப்ளோர்’ என்றால் நோயாளி தரையில் கிடந்தார், நாம் பார்த்தோம். விழுந்திருக்கலாம், மயங்கியிருக்கலாம், தலையில் அடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சம்பவ அறிக்கை எழுத வேண்டும். ‘பேஷன்ட் வாஸ் லெய்டு ஆன் தி ஃப்ளோர்’ என்றால் யாரோ அவரைத் தரையில் படுக்க வைத்தார்கள். யார், எதற்கு என்ற கேள்வி வரும். இரண்டையும் கலந்து ‘வாஸ் லேயிங்’ என்று எழுதினால் அடுத்த ஷிப்டில் வருகிறவர் ஊகம் செய்ய வேண்டியிருக்கும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் எடுப்பதற்கு ‘லையிங் அண்ட் ஸ்டாண்டிங் பி.பி.’ என்று பெயர். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது என்பதை ‘ஆன் லையிங் ஃபிளாட்’ என்று எழுதுவார்கள். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர்கள் இந்த இரண்டு தொடர்களையும் எழுத்துக்கூட்டலோடு பழகிவிடுவது நல்லது. நோயாளியிடம் சொல்ல வேண்டியது ‘ப்ளீஸ் லை டவுன்’. ‘லே டவுன்’ அல்ல.

கட்டுமானத் தளத்தில் இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ‘பைப்ஸ் ஆர் லையிங் அட் தி சைட்’ என்றால் குழாய்கள் இறக்கிப் போட்டபடி தளத்தில் கிடக்கின்றன. ‘பைப்ஸ் ஆர் லெய்டு’ என்றால் பள்ளம் தோண்டிப் பதித்தாயிற்று. 200 மீட்டர் குழாய் இறங்கியிருக்கிறது என்பதும் 200 மீட்டர் பதித்திருக்கிறோம் என்பதும் ஒன்றா? முன்னது சரக்கு வந்த கணக்கு, பின்னது வேலை முடிந்த கணக்கு. அளவைப் பதிவேட்டில் மாறி விழுந்தால் பில் தொகை தகராறில் போய் நிற்கும்.

‘லே’யை நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதற்கும் கட்டுமானத் துறையே சான்று. டைல்ஸ் லேயிங், கேபிள் லேயிங் என்று மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் சரியாகவே சொல்கிறார்கள். ஊருக்கு வெளியே மனை பிரித்துக் கல் நடுவதை லே-அவுட் போடுவது என்கிறோம். நிறுவனம் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது லே-ஆஃப். ஒன்றன் மேல் ஒன்றாகப் பரப்பியது லேயர். இவை எல்லாவற்றிலும் யாரோ எதையோ செய்கிறார்கள். மனையைப் பிரிக்கிறார்கள், ஆளை நீக்குகிறார்கள். ஐயம் வரும்போது இந்தச் சொற்களில் ஒன்றை நினைத்துக்கொண்டால் ‘லே’யின் குணம் உடனே பிடிபடும்.

அகராதி சொல்லாத நுட்பங்கள்

தமிழில் ‘வை’ என்று வரும் இடமெல்லாம் ‘லே’ போடக் கூடாது. குடத்தைத் திண்ணையில் வைப்பதற்கு ‘புட்’ போதும். ‘லே’ என்றால் கிடைமட்டமாக, பெரும்பாலும் மெதுவாக, கவனமாக வைப்பது: குழந்தையைத் தொட்டிலில், துணியைக் கட்டில்மேல், செங்கல்லை வரிசையில். ‘லை’யும் அப்படித்தான். பேனா மேசையில் ‘லைஸ்’. நிமிர்ந்து நிற்கும் செம்புக்கு அந்தச் சொல் பொருந்தாது. ஊர்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘நாகப்பட்டினம் லைஸ் ஆன் தி கோஸ்ட்’ என்றால் அது கடற்கரையில் அமைந்திருக்கிறது என்று பொருள்.

கோழி ஒரு தனிக்கதை. ‘தி ஹென் இஸ் லேயிங்’ என்றால் செயப்படுபொருள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாக்கியம் சரி. முட்டை என்பது சொல்லாமலே விளங்கும். ‘தி ஹென் இஸ் லையிங்’ என்றால் கோழி சும்மா படுத்திருக்கிறது. பண்ணைக் குறிப்பேட்டில் இந்த இரண்டும் வேறு வேறு செய்திகள்.

‘லை லோ’ என்றால் வெளியே தலைகாட்டாமல் ஒதுங்கி இரு. அதன் இறந்தகாலம் ‘லே லோ’. காய்ச்சல் ஒருவரைப் படுக்கையில் தள்ளியது என்றால் ‘லெய்டு ஹிம் லோ’. தள்ளியது காய்ச்சல், தள்ளப்பட்டவர் அவர், ஆகவே ‘லெய்டு’. நிலத்தின் கிடை, அதாவது நிலவரம், பிரிட்டனில் ‘தி லை ஆஃப் தி லேண்ட்’. அமெரிக்காவில் ‘தி லே ஆஃப் தி லேண்ட்’. இரண்டும் சரியே, எந்த நாட்டுக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. துறை சாராத சாமானியரைக் குறிக்கும் ‘லேமேன்’ என்பதில் உள்ள ‘லே’ வேறு வேர்ச்சொல். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கூட்டுச்சொற்களும் குடும்ப வழியையே பின்பற்றும். அடிப்படைக் காரணம் ‘அண்டர்லையிங்’ காஸ். காரணம் அடியில் கிடக்கிறது, யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை. ‘அண்டர்லேயிங்’ என்று எழுதுவது ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு. கைமறதியாக எங்கோ வைப்பது ‘மிஸ்லே’, இறந்தகாலம் ‘மிஸ்லெய்டு’. வழிமறிப்பது ‘வேலே’, இறந்தகாலம் ‘வேலெய்டு’.

நீதிமன்றமும் சட்டமன்றமும்

சட்டம் படிப்பவர்கள் ‘லை’யை வேறொரு பொருளில் அன்றாடம் சந்திப்பார்கள். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு ‘ஆன் அப்பீல் ஷல் லை’ என்கிறது. மேல்முறையீடு செய்ய வழி உண்டு என்பது அதன் பொருள். மேல்முறையீடு படுக்காது, பொய்யும் சொல்லாது. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்பதே கருத்து. ‘நோ அப்பீல் லைஸ்’ என்றால் மேல்முறையீடு செல்லாது. இங்கே ‘லேஸ்’ என்று எழுதினால், மேல்முறையீடு எதையோ வைக்கிறது என்று ஆகிவிடும். பொறுப்பு, தவறு, அதிகாரம் ஆகியவற்றோடும் ‘லை’தான் வரும்: ‘தி ஃபால்ட் லைஸ் வித் அஸ்’, தவறு நம்மேல்தான்.

சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ அமைச்சர் அறிக்கையை அவையில் வைக்கும்போது, ‘லெய்டு ஆன் தி டேபிள்’ என்று பதிவாகும். வைப்பவர் அமைச்சர், வைக்கப்படுவது தாள். மூன்றாம் படியில் பார்த்த செயப்பாட்டு வினைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கொஞ்சம் தெளிவு வந்த பிறகு எதிர்ப்பக்கத் தவறு ஒன்று தலைகாட்டும். ‘லே’ என்றாலே தவறோ என்ற பயத்தில் எல்லா இடத்திலும் ‘லை’ போடத் தொடங்குவது. ‘ஐ வில் லை தி ஃபைல் ஆன் யுவர் டேபிள்’ என்று எழுதுவது அப்படி வருவதுதான். எதை? கோப்பை. பதில் வந்துவிட்டது, ‘லே’ போட்டே ஆக வேண்டும். இன்னொன்று, ‘லே டவுன்’ என்று எங்கே பார்த்தாலும் சிவப்பு மையால் திருத்துவது. ‘ஹி லே டவுன் அட் நைன்’ என்பது ஒன்பது மணிக்குப் படுத்தார் என்னும் சரியான வாக்கியம். ‘லே டவுன் தி ரூல்ஸ்’, விதிகளை வகுத்துச் சொல், என்பதும் சரி. திருத்துவதற்கு முன் காலத்தையும் செயப்படுபொருளையும் பார்க்க வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு ஏழு வாக்கியங்கள்

ஒரு தாளால் விடைகளை மறைத்துக்கொண்டு, மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

1. அப்பா நேற்று மதியம் திண்ணையில் ‘படுத்தார்’.
2. அம்மா தினமும் குழந்தையைத் தொட்டிலில் ‘கிடத்துகிறாள்’.
3. சாலையில் ஒரு கம்பி அறுந்து ‘கிடக்கிறது’.
4. போன மாதம் எங்கள் தெருவில் புதுக் குழாய் ‘பதித்தார்கள்’.
5. அவன் வயது பற்றிப் ‘பொய் சொன்னான்’.
6. இந்த மரம் புயலிலிருந்து இங்கேயே ‘கிடந்திருக்கிறது’.
7. முடிவெடுக்கும் அதிகாரம் ஆட்சியரிடம் ‘இருக்கிறது’.

விடைகள்: ஒன்று ‘லே’, எஸ் இல்லாமல். இரண்டு ‘லேஸ்’. மூன்று ‘இஸ் லையிங்’. நான்கு ‘லெய்டு’, எல்-ஏ-ஐ-டி. ஐந்து ‘லைடு’, எல்-ஐ-ஈ-டி. ஆறு ‘ஹேஸ் லெய்ன்’. ‘ஹேஸ் பீன் லையிங்’ என்று எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண். ஏழு ‘லைஸ்’. முதல் வாக்கியத்தில் தவறியவர்கள் நான்காம் படிக்குத் திரும்பிப் போய், ‘ஷீ லே’, ‘ஷீ லேஸ்’ இரண்டையும் வைத்து ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுதிவிட்டு வாருங்கள். நான்காவதில் தவறியவர்களுக்கு வேண்டியது இரண்டாம் படி: குழாயை, ஐ உருபு.